நாமும் சந்தையில்தான் இருக்கிறோம்



வைப்பு வட்டி குறைந்துகொண்டு போவதைப் பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கக் குறிப்பொன்று போட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டுக் களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "தம்பி, 2023 தொடக்கத்தில என்ட காசை ஒரு வருச வைப்பில போட்டன். இருபதுக்கு மேல வட்டி தந்தாங்க. வருசம் முடிஞ்சு புதுப்பிக்கப் போனா அதில பாதியும் இல்லை. வங்கியில நிக்கிற பிள்ளை, மத்திய வங்கி குறைச்சிட்டுது டீச்சர் எண்டு சொல்லுது. எங்கட வட்டியில மத்திய வங்கிக்கு என்ன வேலை?"

நியாயமான கேள்வி. அரைப்பக்கத்தில் அடங்காததால் இந்த முறை என் பக்கம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

சந்தை, முதலீடு என்றாலே அது கொழும்பில் கழுத்துப்பட்டி கட்டியவர்களின் சங்கதி என்ற நினைப்பு நம் ஊரில் ஊறிப்போய்க் கிடக்கிறது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ ஏதாவது ஒரு வீட்டின் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ஈட்டுக்கு வைத்த நாலு பவுண் நகை இருக்கும். அதற்கு விலை வைப்பது லண்டனும் நியூயோர்க்கும். கட்டாரிலிருந்து மகள் அனுப்பும் றியால் இருக்கும். அது டொலரோடு கட்டிவைத்த காசு. வாவியில் பிடிபடும் பெரிய நண்டு சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறது. 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது நண்டுக்காரரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளையின் பெயரில் ஊழியர் சேமலாப நிதி சேர்கிறது. அந்த நிதியத்தின் பெரும்பகுதி அரச முறிகளில் கிடக்கிறது. பங்குச் சந்தைக் கட்டடத்துக்குள் கால் வைக்காமலே நாம் உலகச் சந்தைக்குள் கழுத்துவரை நிற்கிறோம். அதைத் தெரியாமல் நிற்பதால்தான் நட்டம் முதலில் நம்மிடம் வருகிறது.

இனி டீச்சரின் வட்டிக் கணக்கு.

2019 டிசம்பரில் அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. கேட்க இனிப்பாக இருந்தது; கடையில் சாமான் மலிந்ததாக எனக்கு நினைவில்லை. அரசின் வருமானம்தான் விழுந்தது. அந்த வருடம் உயிர்த்த ஞாயிறன்று நம் நகரத்துச் சீயோன் தேவாலயத்திலும் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் குண்டுகள் வெடித்ததிலிருந்தே சுற்றுலாப் பயணிகள் வரவு சுருங்கியிருந்தது. பின்னால் கொரோனா வந்தது. வெளிநாட்டில் கடன் வாங்கும் கதவு சாத்தப்பட்டது. பற்றாக்குறையை மத்திய வங்கி புதுக் காசு அடித்து நிரப்பியது. இருந்த டொலரோ பழைய கடனுக்குப் போனது. 2022 ஜனவரியில்கூட 50 கோடி டொலர் முறியொன்றைக் கட்டித் தீர்த்தார்கள். அடுத்த மாதம் ரஷ்யா உக்ரேனுக்குள் நுழைந்தது. எண்ணெயும் கோதுமையும் பசளையும் உலகமெங்கும் விலை ஏறின.

2022 ஏப்ரல் 8 அன்று, பொறுப்பேற்ற கையோடு, ஆளுநர் நந்தலால் வீரசிங்கவின் மத்திய வங்கி ஒரே மூச்சில் வட்டியை 7 வீதப் புள்ளி தூக்கியது. வணிக வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதம் 7.5இலிருந்து 14.5 ஆனது. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அரசாங்கத்துக்கே கடன் கொடுக்க ஆளில்லை என்றானதும், அது குறுகிய காலக் கடனுக்கு விடும் திறைசேரி உண்டியல்களின் வட்டி அந்த வருட முடிவுக்குள் 30 வீதத்தைத் தொட்டது. அரசாங்கம் 30 கொடுக்கும்போது வங்கி உங்களுக்கு 8 கொடுத்தால் யார் வைப்பார்கள்? அதனால்தான் டீச்சருக்கு இருபதுக்கு மேல் கிடைத்தது.

வட்டியைக் கூட்டுவதும் குறைப்பதும் எப்படிப்பட்ட வேலை என்று கேட்டால், வாவித் தண்ணீரைக் கடலுக்கு விட முகத்துவாரம் வெட்டுகிற வேலைதான். மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் ஏறினால் படுவான்கரை விவசாயி "இண்டைக்கே வெட்டுங்க" என்கிறார். வெட்டினால் இறால் கடலோடு போய்விடும், பொறுங்கள் என்கிறார் மீனவர். கச்சேரியில் கூட்டம் போட்டு என்ன முடிவெடுத்தாலும் ஒரு பகுதி முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் எழும்பும். டீச்சர் இருபது வாங்கிய அதே மாதங்களில் கடை வைக்கக் கடன் எடுத்தவர் முப்பதுக்குக் கிட்டக் கட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் டீச்சரிடம் சொல்லவேண்டும். உயர்ந்த வட்டி என்றால் எப்போதும் மகிழ இடமிருக்காது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் எடுத்தால் 94.9. முந்திய வருடம் ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு அந்த வருடம் ஆயிரத்து எழுநூறு. அந்த ஒரு வருடத்தில் வைப்பில் கிடந்த ஆயிரம், இருபது வீதத்தோடு ஆயிரத்து இருநூறாகித் திரும்பியிருந்தாலும், கையில் நோட்டு கூடியிருக்கும், சந்தைப் பை சிறுத்திருக்கும். சரியாக ஒரு வருடம் கழித்து, 2023 செப்டெம்பரில், அதே பணவீக்கம் 1.3 வீதம். அப்போதும் பழைய உயர்ந்த வட்டியை வாங்கிக்கொண்டிருந்தவர்தான் உண்மையில் உழைத்தவர். யார் அவர்? உங்களைப்போல 2023 தொடக்கத்தில் போட்டவர்; அவரைவிடவும் கூடுதலாக, ஒரு வருடம் என்று போடாமல் மூன்று, ஐந்து வருடத்துக்குப் பூட்டியவர்.

வட்டி இறங்கப்போகிறது என்று அறியச் சோதிடம் தேவைப்படவில்லை. சர்வதேச நாணய நிதியத்தோடு அலுவலர் மட்ட உடன்பாடு 2022 செப்டெம்பர் 1இல் வந்துவிட்டது. பணவீக்கம் அந்த மாதத்தோடு இறங்கத் தொடங்கியது. 2023 மார்ச் 20இல் ஏறக்குறைய 300 கோடி டொலர் திட்டத்துக்கு நிதியத்தின் சபை சம்மதித்தது. ஜூன் தொடக்கத்தில் மத்திய வங்கி வட்டியை 2.5 வீதப் புள்ளி வெட்டியது, அடுத்த மாதம் இன்னும் 2. அதன் பிறகும் வெட்டுகள் வந்தன; 2024 நவம்பரில் அறிமுகமான ஒற்றைக் கொள்கை வீதம் 8இல் நின்றது. 2025 மே மாதத்தில் 7.75. இவ்வளவும் பத்திரிகையில் வந்த செய்திகள். வங்கி முகப்பில் நிற்கும் பிள்ளை இதைச் சொல்லவில்லை என்று கோபிக்க வேண்டாம். உங்களுக்கு நீண்ட காலம் இருபது கொடுப்பது அந்த வங்கிக்குச் செலவு.

ஆனால் அந்த நாட்களின் பயத்தையும் மறந்துவிட்டுப் பேசக்கூடாது. 2023 ஜூன் கடைசியில், உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்காக விசேட விடுமுறை விட்டு ஐந்து நாள் வங்கிகள் பூட்டிக் கிடந்தன. வைப்பில் கை வைக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே கதை. கை வைக்கவில்லை. சுமை ஊழியர் சேமலாப நிதியத்தின் தலையில் இறங்கியது. அதன் கையிலிருந்த பழைய முறிகளை, முதலில் சில வருடம் 12 வீதமும் பிறகு 9 வீதமும் தரும் புது முறிகளுக்கு மாற்றவேண்டி வந்தது. மறுத்தால் நிதியத்தின் மீதான வரி 14இலிருந்து 30 வீதமாகும். 2022ஆம் ஆண்டுக்கு, பணவீக்கம் எழுபதை நெருங்கிய அந்த ஆண்டுக்கு, அங்கத்தவர் கணக்கில் வரவு வைத்தது 9 வீதம். அதற்கடுத்த வருடங்களில் 13, 11 என்று கொடுத்தார்கள். இருந்தாலும் தையல் இயந்திரத்தின் முன்னால் பத்து வருடம் குனிந்திருந்த ஒரு பெண்ணின் சேமிப்பைத் தொடுவதும் பெரிய வங்கிகளின் முறிகளைத் தொடாமல் விடுவதும் எந்தத் தராசில் சமன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வங்கி விழுந்தால் எல்லோரும் விழுவோம் என்று சொன்னார்கள். அது உண்மைதான். ஆனாலும் அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

வெளிநாட்டுக் காசுக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டுக் கூரை மத்திய கிழக்கில் நம் பெண்கள் தேய்த்த பாத்திரத்தால் வேய்ந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2021 கடைசியில் மத்திய வங்கி டொலரை 203 ரூபாவுக்கு அசையாமல் பிடித்து வைத்திருந்தது. வெளியே 240க்கு மேல் போனது. வங்கியால் அனுப்பினால் 203, வங்கிக்கு வெளியே காசு மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரர் வீட்டு வாசலில் கொண்டுவந்து 240 தருகிறார். எந்தத் தாய் எதைத் தெரிவு செய்வாள்? டிசம்பரில் டொலருக்குப் பத்து ரூபா ஊக்கத்தொகை என்று ஆசை காட்டினார்கள். இடைவெளி அதைவிடப் பெரிது. 2020இல் 710 கோடி டொலராக வங்கி வழி வந்த காசு, 2021இல் 550 கோடி, 2022இல் 380 கோடி என்று விழுந்தது. அப்போது உண்டியலில் அனுப்பியவர்களைக் குற்றம் சொன்னவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொய்யான விலையை எழுதி ஒட்டிவைத்தது கொழும்பு. உண்மையான விலைக்கு விற்றதற்காக ஒரு வீட்டுப் பணிப்பெண்ணைத் திட்டுவது அநியாயம்.

2022 மார்ச் 7 அன்று பிடி தளர்ந்தது. மே மாதத்துக்குள் டொலர் 360. காசை டொலராகவே வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைத்திருந்த வீடு தப்பியது. ரூபாவாக மாற்றி அலுமாரியில் வைத்த வீட்டின் காசு இருந்த இடத்திலேயே பாதிக்குக் கிட்டக் கரைந்தது. தப்பியவருக்கும் முழு நிம்மதி இல்லை: ஜூன் கடைசியில் பெட்ரோல் லீற்றர் 470 ரூபா. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87இலிருந்து 340. பாலமீன்மடுவிலும் நாவலடியிலும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளங்களை மணலில் ஏற்றி வைத்தார்கள். கடலுக்குப் போனால் எண்ணெய்க் காசுக்கே மீன் பட்டால்தான் உண்டு. வாவிக்குள் தோணியைத் துடுப்பால் வலிப்பவர் மட்டும் அந்த விலைப்பலகையைப் பாராமல் போய் வந்தார்.

வயல்காரருக்கு அடி இன்னும் முந்தியது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். இயற்கை விவசாயம் என்று பெயர். மிச்சம் பிடிக்கப் பார்த்தது டொலரை. நவம்பரில் தடையைத் திரும்ப எடுத்தபோது பெரும்போகம் விதைத்தாகிவிட்டது. அந்தப் போகத்தில் வயலுக்குச் சொந்தக்காரரான போடியாரின் களஞ்சியமே வெறிச்சென்று கிடந்தால் குத்தகைக்காரரின் நிலையைச் சொல்லவேண்டுமா? அடுத்த முறை பசளை கண்ணில் பட்டது. 50 கிலோ யூரியா மூடை கறுப்புச் சந்தையில் 40,000 ரூபாவரை. அந்தக் காசுக்குப் பெண்களின் கழுத்தும் கையும்தான் வெறுமையாயின.

ஆகவே நகை. வருடப் பிறப்புக்கு முந்திய கிழமையிலும் விதைப்புக் காலத்திலும் எந்த வங்கியின் அடகுப் பகுதிக்கும் போய்ப் பாருங்கள். கைப்பையிலிருந்து கைக்குட்டை, கைக்குட்டைக்குள் கடதாசி, கடதாசிக்குள் தாலிக்கொடி. உத்தியோகத்தர் உரைத்து, நிறுத்து, ஒரு தொகை சொல்வார். "இன்னும் ஒரு பத்தாயிரம் கூட்டித் தாங்க மகன்." அவர் தலையாட்டமாட்டார், கணினியில் வந்த தொகை அதுதான். அந்தக் கணினித் தொகைக்குப் பின்னால் உலகம் இருக்கிறது. போர் முடிந்த பிறகு அடகுக் கடன் இந்தப் பக்கமெல்லாம் தாராளமாகப் பாய்ந்தது. 2011 செப்டெம்பரில் உலகத் தங்கம் அவுன்ஸ் 1,900 டொலரைத் தொட்டிருந்தது. அந்த உயரத்தை நம்பி வங்கிகளும் கையை நீட்டின. 2013 ஏப்ரலில், கடனில் மூழ்கிய சைப்பிரஸ் தன் தங்கத்தை விற்கப்போகிறது என்ற செய்தியும் வேறு காரணங்களும் சேர, இரண்டே வியாபார நாளில் விலை 1,400க்குக் கீழே சரிந்தது. நம் சித்திரைப் புத்தாண்டோடு ஒட்டிய நாட்கள் அவை. ஈடு வைத்து வாங்கிய கடனும் வட்டியும் நகையின் விலையைத் தாண்டிவிட்டதால் மீட்காமல் விட்டவர்கள் ஏராளம். வங்கிகள் ஏலம் போட்டும் நட்டப்பட்டன. சைப்பிரஸ் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடவேண்டியவர்களின் தாலி, அந்தச் செய்தியோடு போனது.

இப்போது காற்று எதிர்ப்பக்கம். 2025 ஒக்டோபரில் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது, இங்கே பவுண் மூன்று இலட்சத்துக்கு மேல் போனது. விலை ஏறியிருக்கிறதே என்று கூடுதலான தொகைக்கு ஈடு வைக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு 2013தான் நினைவுக்கு வருகிறது. அடகு வைப்பதைக் குறை சொல்ல நான் யார்? தேவைக்கு உரிய தொகையை மட்டும் எடுங்கள், கணினி காட்டும் முழுத் தொகையையும் அல்ல.

பங்குகளைப் பற்றிக் கேட்கும் இளைய வாசகர்களுக்குச் சுருக்கமாக. 2020 கடைசியில் கைத்தொலைபேசியிலேயே கணக்குத் திறக்கலாம் என்றானதும் புதியவர்கள் நிறையப் பேர் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். கொரோனாவால் உலகக் கப்பல் கூலி ஏறியது. 2020இல் சில ரூபாவுக்குக் கிடந்த, சரக்கு அனுப்பும் நிறுவனமான எக்ஸ்போலங்காவின் பங்கு 2022 ஜனவரியில் 300 ரூபாவைத் தாண்டியது. கப்பல் கூலி இறங்கியது, பங்கும் இறங்கியது. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000க்கு மேலிருந்து நான்கு மாதத்துக்குள் ஏறக்குறைய பாதியாகியது. ஏப்ரலில் ஒரு கிழமை சந்தையையே பூட்டினார்கள். பயந்து விற்றவர் விற்றார். பொறுத்திருந்தவர் 2025இல் சுட்டெண் 20,000ஐத் தாண்டியதைக் கண்டார். ஆனால் பொறுத்திருக்கக்கூடியவர் யார்? அடுத்த மாதச் சோற்றுக்கு அந்தக் காசை நம்பாதவர். நகையை ஈடு வைத்துப் பங்கு வாங்குவதென்றால், தயவுசெய்து வேண்டாம். வட்டி வேண்டாம் என்றிருக்கும் காத்தான்குடி, ஏறாவூர் வாசகர்கள் மார்க்கத்துக்கு உடன்பட்ட பங்குகளின் பட்டியலைத் தரகரிடம் கேட்டு வாங்கலாம். விலை ஏறி இறங்குவது அங்கேயும் ஒன்றுதான்.

வெளிநாட்டுச் செய்தி நம் வீட்டு வாசலுக்கு வர இப்போது அதிக நேரம் எடுப்பதுமில்லை. 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை என்று அறிவித்தார். அந்தக் கிழமையே ஆடைத் தொழிற்சாலைப் பேருந்துகளில் வேறு பேச்சில்லை. பேசிப் பேசி 30 ஆகி, ஓகஸ்டில் 20இல் வந்து நின்றது. வேலை போகுமோ என்ற பயத்தில் அந்த நான்கு மாதமும் சீட்டுக் காசைக் கட்டத் தயங்கியவர்கள் உண்டு.

எங்கள் சஞ்சிகையும் இதற்கு வெளியே இல்லை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் கொழும்பில் சில நாளிதழ்கள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. 1956இல் வாழைச்சேனையில் தொடங்கி, நம் வயல் வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்த ஆலையை நினைத்தால் அந்த நாட்களில் பெருமூச்சு வரும். எங்கள் இதழும் அப்போது பக்கம் குறைந்தே வந்தது; அதைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு அப்போது சொல்லாத நன்றியை இப்போது சொல்கிறேன்.

இந்த ஏற்ற இறக்கத்தில் களைத்தவர்களைத்தான் மோசடிக்காரர் தேடி வருகிறார்கள். வைப்பு வட்டி எட்டாகும்போது, மாதம் பத்து வீதம் தருகிறோம், இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள் என்று வட்ஸ்அப்பில் வரும். அது பிரமிட் திட்டம், சட்டப்படி குற்றம், தடைசெய்யப்பட்டவற்றின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது. அனுமதிபெற்ற நிதிக் கம்பனியும் விழலாம்: 2020 மே 22 அன்று த பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் இரத்தானது. அனுமதிபெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால் வைப்புக் காப்புறுதியில் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாவரைதான் கிடைக்கும். அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள்.

டீச்சர், உங்களுக்கு என் பதில் இதுதான். மத்திய வங்கி உங்கள் வட்டியைக் குறைத்தது விலைவாசி அடங்கியதால். 2024 செப்டெம்பரிலிருந்து பத்து மாதத்துக்கு மேல் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே இருந்தது. விலைவாசி அடங்கிய காலத்து எட்டு, விலைவாசி எழுபது வீதம் ஏறிய காலத்து இருபதைவிட உங்கள் சந்தைப் பைக்கு நல்லது. காசு முழுவதையும் ஒரே தவணையில் போடாமல் மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியை ஆறு மாதத்துக்கும் இன்னொன்றை ஒரு வருடத்துக்கும் மூன்றாவதை அதற்கு மேலும் போடுங்கள். வட்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றாவது கைக்கு வரும்.

அடுத்த இதழிலிருந்து இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டி வரும்: அந்த மாதத்தின் கொள்கை வட்டி வீதம், டொலர், பணவீக்கம், பவுண் விலை, நெல் விலை. அதில் எது விளங்கவில்லை, எது உங்கள் வீட்டுக் கணக்கை இடிக்கிறது என்று எழுதுங்கள். தெரிந்தவர்களிடம் கேட்டுப் பதில் போடுவோம். கடிதத்தில் வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்